மார்த்தாளுக்கு வார்த்தை, மரியாளுக்குக் கண்ணீர்

துக்க வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போகிறவர்கள் பெரும்பாலும் ரோமர் 8:28-ஐத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்பது சத்தியம்தான். ஆனால் அடக்கம் முடிந்த அன்று மாலையே பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அதைச் சொன்னால், அவள் காதில் "அழாதே" என்றுதான் விழும். அன்றைக்குத் திறக்க வேண்டிய இடம் யோவான் சுவிசேஷம் 11-ம் அதிகாரம்.

மார்த்தாள், மரியாள் என்ற சகோதரிகளின் சகோதரன் லாசருவைக் கல்லறையில் வைத்து 4 நாள் ஆகிவிட்டது. அப்போதுதான் வருகிற இயேசுவை மார்த்தாள் எதிர்கொண்டு போய், "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்கிறாள் (வசனம் 21). பிறகு மரியாள் வந்து, அவர் பாதத்தில் விழுந்து, அதையேதான் சொல்கிறாள் (32). இரண்டு பேருக்கும் மனத்தாங்கல் ஒன்றுதான், அவர் தந்த பதில் வேறு வேறு. மார்த்தாளோடு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசுகிறார். மரியாளுக்கு எந்த விளக்கமும் சொல்லவில்லை. "அவனை எங்கே வைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்கிறார். அப்புறம் 35: "இயேசு கண்ணீர் விட்டார்." சற்று நேரத்தில் லாசருவை எழுப்பப்போகிறார், அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் அழுதார்.

கிரேக்க மூலத்தில் மரியாளும் மற்றவர்களும் அழுததற்கு ஒரு சொல், இயேசு அழுததற்கு வேறொரு சொல். முன்னது வாய்விட்டு அழுவது, பின்னது கண்ணீர் வழிவது. நம் பழைய மொழிபெயர்ப்பு அந்த வித்தியாசத்தைக் காப்பாற்றியிருக்கிறது: 33-ல் "அழுகிறதையும்", 35-ல் "கண்ணீர் விட்டார்". 33-ல் "ஆவியிலே கலங்கி" என்று வருகிற சொல்லுக்குள் கோபமும் உண்டு. மரணத்தின்மேல் அவருக்கு வந்த கோபம் அது என்றே நான் வாசிக்கிறேன்.

வீட்டுக்குள் போனதும் ஜெபத்தை ஆரம்பிக்காமல் முதலில் உட்காருங்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்த சிநேகிதர் 7 நாள் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை ஒரு தவறும் செய்யவில்லை, வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கேட்டால் மட்டும் யோவான் 11:32-35 வாசியுங்கள். நான்கே வசனம், ஒரு நிமிடம்கூட ஆகாது. 35-ல் நிறுத்திவிடுங்கள். லாசரு எழும்புகிற 44-வரை ஓடினால், "என் பிள்ளை மட்டும் ஏன் எழும்பவில்லை?" என்ற கேள்வியை நீங்களே அவர்கள் மடியில் போட்டுவிடுவீர்கள்.

தனியாக ஜெபிக்க முடியாதவர்களுக்கு சங்கீதம் 13 உதவும். ஆறு வசனம்தான். 1-2 முறையீடு, "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை வரும். 3-4 விண்ணப்பம். 5-6 நம்பிக்கை. கடைசி இரண்டும் வாயில் வரவில்லையென்றால் 4-லேயே நிறுத்தட்டும், விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்ல வேண்டாம். சங்கீதம் 88 முழுக்க முறையீடுதான், ஸ்தோத்திரத்தில் முடியவில்லை, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனாலோ, சாக வேண்டும் என்ற பேச்சு வந்தாலோ, ஜெபத்தோடு மருத்துவரிடமும் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

சொந்தக்காரர்களெல்லாம் ஊருக்குப் போன பிறகு, மூன்றாவது நான்காவது வாரம், இன்னொரு தடவை போங்கள். அப்போது வாசிக்க சங்கீதம் 56:8: "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்." இது கொல்லன் பட்டறைத் துருத்தி இல்லை, தண்ணீரும் திராட்சரசமும் ஊற்றி வைக்கிற தோல் பை. வாசித்து முடித்ததும் இறந்துபோனவரின் பேரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள். அதற்குள் மற்றவர்களெல்லாம் அந்தப் பேரைச் சொல்வதையே விட்டிருப்பார்கள்.