போயா நாளில் போட்ட கணக்கு

2024 நவம்பர் 15. போயா (பௌர்ணமி) விடுமுறை. இரவிரவாகப் பாராளுமன்றத் தேர்தல் முடிவு பார்த்துக் கண் எரிந்துகொண்டிருந்தது. தேத்தண்ணியை நீட்டியபடியே, கட்சிகளைச் சின்னத்தாலேயே சொல்லி அம்மா கேட்டார்: “வீட்டுக்கு 63 ஆயிரம், சைக்கிளுக்கு 28 ஆயிரம். ரெண்டுக்கும் ஒவ்வொரு ஆசனம் எண்டால், அது என்ன கணக்கு?”

எனக்கும் தெரியவில்லை. இத்தனை தேர்தலில் வாக்குப் போட்டிருக்கிறேன், ஆசனம் எப்படிப் பிரிகிறது என்று ஒருநாளும் போட்டுப் பார்த்ததில்லை. தம்பியின் பழைய கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு இருந்தேன்.

யாழ்ப்பாண மாவட்டத்துக்கு இந்த முறை 6 ஆசனம். செல்லுபடியான வாக்கு 3,25,312. திசைகாட்டி (தேசிய மக்கள் சக்தி) 80,830, வீடு (தமிழரசுக் கட்சி) 63,327, சைக்கிள் (தமிழ்க் காங்கிரஸ்) 27,986, சுயேச்சைக்குழு 17க்கு 27,855, சங்கு (ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி) 22,513, வீணை (ஈ.பி.டி.பி.) 17,730. முதலாவதாக வந்தவருக்கு ஒரு போனஸ் ஆசனம் என்பது தெரியும். மிச்சம் 5. மொத்த வாக்கை 5 ஆல் பிரித்தேன்: 65 ஆயிரத்துச் சொச்சம். அதைத் தாண்டியது திசைகாட்டி மட்டும்தான். மற்ற நாலு ஆசனத்தையும் மிச்ச வாக்கு கூடியவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தால் வீடு, சைக்கிள், சுயேச்சை, சங்கு. திசைகாட்டிக்கு இரண்டுதான் வருகிறது. ஆனால் அறிவித்தது மூன்று! சங்குக்கு ஒன்றுமே இல்லை. இரண்டு தரம் திருப்பிப் போட்டும் அதே விடை.

பிறகுதான் வெட்டுப்புள்ளி ஞாபகம் வந்தது. 5 வீதத்துக்குக் கீழே எடுத்த பட்டியல்களின் வாக்கை முதலில் கழித்துவிட வேண்டும். எங்கள் வாக்குச்சீட்டு பாய் மாதிரி நீளம், அதில் ஆறு பட்டியல்தான் 16,266ஐத் தாண்டியவை. வீணை மயிரிழையில் தப்பியது. கழிபட்ட வாக்கு 85,071. வீடு எடுத்ததை விடக் கூட!

மிஞ்சிய 2,40,241ஐ 5 ஆல் பிரித்தால் பின்னம் வரும். அடுத்த முழு எண்ணை எடுக்க வேண்டும், அதாவது 48,049. இப்போது திசைகாட்டிக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. இன்னும் மூன்று ஆசனம் கிடக்கிறது. மிச்ச வாக்கில் திசைகாட்டி 32,781, சைக்கிள் 27,986, சுயேச்சை 27,855. அவர்களுக்கு ஒவ்வொன்று. வீட்டின் மிச்சம் வெறும் 15,278. சரி, அறிவித்தபடியே வந்துவிட்டது.

சின்னப் பட்டியல்களுக்கு விழுந்த வாக்கு வீணாய்ப் போகிறது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். வீணாகவில்லை, திசைகாட்டியின் மூன்றாவது ஆசனத்துக்கு உதவியிருக்கிறது. அவர்களுக்குப் போட்டவர்களில் எத்தனை பேர் அதை விரும்பியிருப்பார்கள் என்பது வேறு கதை. பட்டியலுக்குள் ஆர் ஆர் பாராளுமன்றம் போவது என்பதை வேட்பாளர்களுக்கு விழும் விருப்பு வாக்குத்தான் தீர்மானிக்கும். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை.

அம்மா கொப்பியை வாங்கி விரல் வைத்துப் பார்த்தார். “அப்ப சங்குக்கு எவ்வளவு குறைஞ்சது?” மற்றவர்களின் வாக்கு அப்படியே இருந்திருந்தால் இன்னும் 5,343 வேண்டும், அதுவும் சுயேச்சையின் ஆசனத்தைத்தான் பிடுங்கியிருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மட்டக்களப்பில் இருக்கும் மாமாவுக்கு அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். கீழே ஒரு வரியும் சேர்த்தேன்: உங்களுக்கு 5 ஆசனம், மாமா, 4 ஆல் பிரியுங்கோ.