அஞ்சு நிமிஷம் பேசணும்

"அஞ்சு நிமிஷம் பேசணும், இப்ப முடியுமா?"

டீம் நடத்துகிற எவருக்கும் இந்தக் கேள்வி வயிற்றில் புளியைக் கரைக்கும். பேப்பர் போட, அதாவது வேலையை விடுகிறேன் என்று சொல்ல, வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். 2021இல் ஒரு மாலை, எங்கள் டேட்டாபேஸ் வேலைகளை ஆறு வருடமாகத் தோளில் சுமந்தவர் இதே கேள்வியோடு வந்து நின்றார்.

அவர் கோபமாக இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. இரண்டு மாதம் முன்பு சேர்ந்த ஒருவர், பேச்சுவாக்கில் தன் சம்பளத்தைச் சொல்லியிருக்கிறார். அது இவருடையதைவிடக் கணிசமாக அதிகம். "அவரை இன்டர்வியூ பண்ணினதே நான்தான். இப்ப வேலை சொல்லிக்கொடுத்துட்டு இருக்கிறதும் நான்தான்" என்றார். மேலிடத்தில் பேசி, இரண்டே நாளில் கவுன்டர் ஆஃபர், அதாவது போகாமல் இருக்க சம்பளத்தைக் கூட்டித் தரும் கடிதம், வாங்கி வந்தேன். கேட்டுவிட்டு, "இந்தப் பணம் போன மாசமும் இருந்துச்சு இல்லையா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. நோட்டீஸ் பீரியட் முழுக்க உட்கார்ந்து, ஒன்று விடாமல் எழுதிவைத்துவிட்டுப் போனார்.

ஆள் தட்டுப்பாடு என்றால் சந்தையில் ஆள் இல்லை என்றுதான் அதுவரை புரிந்துவைத்திருந்தேன். அவர் போன பிறகு நடந்ததுதான் எனக்கு வேறொன்றைக் காட்டியது. இரவில் சர்வர் விழுந்தால் எழுந்து பார்க்கும் ஆன்-கால் முறையை மூன்று பேர் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது இரண்டு பேர். அதாவது ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், தலையணைக்குப் பக்கத்தில் போன். கூகுளில் சேவைகள் விழாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்.ஆர்.இ. பொறியாளர்கள் 2016இல் எழுதியதைப் பிறகுதான் படித்தேன். ஒரே இடத்தில் இருக்கும் டீமில், எப்போதும் இருவர் ஆன்-காலில் இருக்க வேண்டுமென்றால் குறைந்தது 8 பேர் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. எங்களிடம் இருந்தது இரண்டு பேர். அந்த இருவரில் ஒருவரும் நான்கு மாதத்தில் அஞ்சு நிமிஷம் கேட்டு வந்தார். போனவரின் சுமை மொத்தமும் இருப்பவர் தலையில் இறங்குகிறது. ஒரு காலியிடம் அடுத்த காலியிடத்தை இப்படித்தான் உண்டாக்குகிறது.

நாங்களோ வெளியில் தேடிக்கொண்டிருந்தோம். வேலை விளம்பரத்தில் 14 தகுதிகள். அதில் ஒன்று, பல சர்வர்களில் ஓடும் மென்பொருளை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் என்ற கருவியில் 8 வருட அனுபவம். குபர்னெட்டிஸ் வெளியானதே 2014இல்! இது எங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. ஃபாஸ்ட்ஏபிஐ-யை உருவாக்கிய செபாஸ்டியன் ராமிரெஸ், தான் ஒன்றரை வருடம் முன்பு எழுதிய மென்பொருளில் 4 வருட அனுபவம் கேட்கும் விளம்பரத்தைப் பார்த்ததாக 2020இல் பகிர்ந்திருந்தார். இப்படிப்பட்ட வரிகளைப் படித்து, நமக்குத் தகுதியில்லை என்று ஒதுங்கிப்போன நல்லவர்கள் எத்தனை பேரோ.

விளம்பரத்தை அச்செடுத்து, டீமில் மிச்சமிருந்த மூத்தவரோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: வருகிறவருக்கு முதல் மூன்று மாதத்தில் இது தேவையா? தேவையில்லை என்றால் பேனாவால் ஒரு கோடு. கடைசியில் நான்கு வரி மிஞ்சியது. டேட்டாபேஸிலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல். நன்றாகத் தெரிய வேண்டும், லினக்ஸ் இயங்குதளத்தில் பழக்கம் வேண்டும், பிழையைப் பொறுமையாகத் துரத்திப் பிடிக்க வேண்டும், கண்டுபிடித்ததைத் தெளிவாக எழுத வேண்டும். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் சொன்னார்: "இதெல்லாம் தெரிஞ்ச ஒருத்தங்க நம்ம சப்போர்ட் டீம்லயே இருக்காங்களே."

இருந்தார். வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலையில், யாரும் சொல்லாமலேயே, ஒரே மாதிரி வரும் புகார்களைத் தானாகப் பிரிக்க ஸ்கிரிப்ட் எழுதிவைத்திருந்தார். வாரத்துக்கு இரண்டு நாள் எங்களோடு என்று தொடங்கினோம். முதல் சில வாரங்கள் மூத்தவருக்கு வேலை கூடத்தான் செய்தது, அதை மறைக்க மாட்டேன். அதற்கு ஈடாக வேறு வேலைகளை அவரிடமிருந்து எடுத்தேன். எடுக்காமல் இருந்திருந்தால் அவரையும் இழந்திருப்பேன். ஏழாவது மாதத்தில் அந்தப் பெண் தனியாக ஆன்-கால் பார்த்தார். வெளியில் நாங்கள் தேடிய டேட்டாபேஸ் நிபுணர் அப்போதும் கிடைத்திருக்கவில்லை.

அப்புறம் அலர்ட்டுகள், அதாவது ஏதோ கோளாறு என்று ஆன்-காலில் இருப்பவர் போனுக்கு வரும் எச்சரிக்கைகள். ஒரு மாதத்தில் ஆட்களை எழுப்பிய அலர்ட் அத்தனையையும் வரிசையாக எழுதினோம். பாதிக்கு மேல், எழுந்தவர் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தவை. எதுவும் செய்யத் தேவையே இருக்கவில்லை. அவற்றைக் காலைக்குத் தள்ளினோம். சம்பளம் முக்கியமில்லை என்று சொல்ல வரவில்லை, அது மிக முக்கியம். ஆனால் நிம்மதியாகத் தூங்க விடுவதும் ஆளைத் தக்கவைப்பதில் சேர்த்திதான். அதற்கு யாரிடமும் பட்ஜெட் கேட்க வேண்டியதில்லை.

வேலையை விட்டுப் போகிறவரிடம் எக்சிட் இன்டர்வியூவில் கேட்பதை இப்போது முன்னாலேயே கேட்டுவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒவ்வொருவரிடமும்: எந்த வேலை உங்களை அரிக்கிறது?

போன வருடம் ஒரு புதியவரைத் தேர்ந்தெடுத்தோம். இன்டர்வியூ எடுத்தது சப்போர்ட்டிலிருந்து வந்த அதே பெண்தான். ஆஃபர் கடிதம் கையெழுத்துக்கு வந்தபோது அதிலிருந்த தொகையையும் அந்தப் பெண்ணின் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெண்ணுடையது குறைவு. முதலில் இதைத் திருத்துங்கள் என்று எச்.ஆருக்கு எழுதினேன். பதில் வர மூன்று வாரம் ஆனது. அதுவரை அந்த ஆஃபரில் நான் கையெழுத்துப் போடவில்லை.