எங்கள் கொட்டகைக்கு முர்ரா கடா வந்த கதை

மாதவரம் தாண்டி கொசப்பூர் பக்கம் எங்கள் எருமைக் கொட்டகை. பால் டீக்கடைகளுக்குப் போகிறது. கடாக்கன்றுகள் வளர்ந்ததும் எடைக்கு விலை பேசி, கறிக்குப் போகின்றன. பழைய கடாவுக்குப் பிறந்த கிடேரிகளே பருவத்துக்கு வந்துவிட்டதால் அதை மாற்ற வேண்டிய கட்டாயம். சொந்த மகள்மேல் விட்டால் கன்று சோனியாகும், சினை பிடிப்பதும் குறையும்.

"பேசாம எல்லாத்துக்கும் ஊசியே போட்டுடேன்" என்றார் சித்தப்பா. கடா இல்லாமல், விந்தைச் செலுத்திச் சினைப்படுத்துவதைத்தான் சொன்னார். அதுவும் நியாயம்தான். செங்குன்றம் பக்கம் அலமாதியிலேயே உறைவிந்து நிலையம் இருக்கிறது. முர்ரா இன எருமையின் ஊசி எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் எருமை, பசு மாதிரி கத்தி ஊரைக் கூட்டாது. ஊமைப் பருவம். வெயில் காலத்தில் இன்னும் மோசம். ராத்திரியிலோ விடியற்காலையிலோ லேசாக அறிகுறி காட்டிவிட்டு, நாம் எழுந்து போவதற்குள் ஒன்றும் நடக்காததுபோல அசை போட்டுக்கொண்டிருக்கும். ஒரு பருவம் தவறினால் மூன்று வாரத் தீவனம் தண்டம். கடாவின் மூக்கை மட்டும் ஏமாற்ற முடியாது. அதனால் நல்ல கறவை எருமைகளுக்கு ஊசி, மற்றவற்றுக்குக் கடா என்று வைத்துக்கொண்டோம்.

சரி, எந்த இனம்? எங்களிடம் கன்று வாங்கும் புளியந்தோப்பு பாய்க்குச் சந்தேகமே இல்லை. "இன்னாபா யோசிக்கிற? ஜாப்ராபாதி கடா போடு, எடை சும்மா எகிறும்" என்றார். சௌராஷ்டிரத்து இனம் அது. நெற்றி புடைத்து, கனத்த கொம்பு கண்ணை மறைத்துத் தொங்கும். நம் நாட்டு எருமைகளில் உடம்பு பெருத்தவற்றில் ஒன்று. எனக்கும் ஆசைதான். ஆனால் எங்கள் கொட்டகையில் பாதி, சின்ன உடம்பு நாட்டெருமை. தலையீற்றில் பெரிய கன்று இடுப்பில் சிக்கினால் தாயும் போகும், கன்றும் போகும். அப்போது டாக்டரை எழுப்பப் போவது பாய் இல்லை, நான்தான். தவிர, புல்லைக் கட்டுக்கட்டாகக் காசு கொடுத்து வாங்குகிறவனுக்கு அவ்வளவு பெரிய வயிறு கட்டுப்படியாகாது.

கழுத்தில் இரண்டு வெள்ளைப் பட்டை போட்ட சுர்த்தியையும் யோசித்தோம். தீவனச் செலவு குறைவு, பால் கெட்டி. ஆனால் கடாக்கன்று எடை ஏறாது. அரியானாவின் முர்ரா நடுவில் நிற்கிறது. பாலில் கொழுப்பு 7 சதவீதம் அளவுக்கு இருக்கும், கன்றும் ஓரளவு எடை கட்டும். டீக்கடைக்காரர், பாய் இருவருமே கொஞ்சம் முனகுவார்கள். வாங்காமல் போக மாட்டார்கள்.

உண்மையான வேலை அதற்குப் பிறகுதான். பொய்கை சந்தைக்குச் செவ்வாய்க்கிழமை போனால் தரகர்கள் சுழி பார்த்து ராசி சொன்னார்கள், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசினார்கள். தாயைப் பற்றிக் கேட்டால் மட்டும் பேச்சு மாறியது. எனக்கு வேண்டியதே தாய்தான். இன்று கடா விட்டால் கன்று பிறக்கப் பத்து மாதத்துக்கு மேல். அந்தக் கிடேரி ஈன்று கறவைக்கு வர இன்னும் மூன்றரை, நாலு வருடம். அத்தனை காலம் கழித்துத் தெரியப்போகிற விஷயத்தைச் சுழியை நம்பி விட முடியுமா?

கடைசியில் செங்குன்றம் பக்கம் ஒரு பண்ணையில் தாயோடு இருந்த கடா அமைந்தது. சாயங்காலக் கறவையையும் மறுநாள் காலைக் கறவையையும் நின்று பார்த்தேன். ஒரு வேளை கறக்காமல் விட்டு மடியைப் பெரிதாகக் காட்டுவது பழைய வித்தை. கடாவுக்கு இரண்டு பல், அதாவது இளவயது. கொம்பு ஜிலேபி மாதிரி இறுக்கமாகச் சுருண்டிருந்தது. வால் நுனியில் மட்டும் வெள்ளை, அது பரவாயில்லை. நெற்றியிலும் காலிலும் இருந்தால் கலப்பென்று விட்டிருப்பேன். நடக்கவிட்டுக் குளம்பையும் பின்னங்காலையும் பார்த்தோம். விதை இரண்டும் சமமாக இருக்கிறதா என்று டாக்டரம்மா தடவிப் பார்த்தார். விலை பேசி முடிக்க ஒரு டீ நேரம்தான் ஆனது.

பணம் கொடுப்பதற்கு முன்பே ரத்தம் எடுத்து புருசெல்லா பரிசோதனைக்கு அனுப்பினோம். சினை முற்றிய நேரத்தில் கன்று வீசவைக்கும், அதாவது கருவைக் கலைக்கும் நோய் அது, கறக்கிற நமக்கும் தொற்றும். காசநோய்க்கு கழுத்துத் தோலில் ஊசி போட்டு, 72 மணி நேரம் கழித்து வீக்கத்தை அளந்தார்கள். இரண்டிலும் பிழையில்லை. அப்படியும் வந்ததும் தனியே கட்டிவைத்து, மறுபடி ரத்தம் பார்த்த பிறகே மந்தையில் விட்டேன். "கடாவை வாங்கி வச்சு அழகு பாக்கிறியா?" என்று சித்தப்பா கிண்டலடித்தார்.

இளங்கடா என்பதால் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் விடுவதில்லை. வெயில் ஏறினால் மதியம் தண்ணீர் அடிக்கிறோம். சூட்டில் விந்தின் தரம் இறங்கிவிடும். சில எருமைகளுக்குச் சினை உறுதியாகிவிட்டது. எந்த எருமை, எந்தத் தேதி என்று நோட்டில் குறித்துவைக்கிறேன். இந்தக் கடாவின் மகள்கள் பருவத்துக்கு வரும்போது இதையும் மாற்றியாக வேண்டும். பாய் இப்போதே ஜாப்ராபாதிக்குத் துண்டு போட்டுவிட்டார்.