ஜூரி கேள்வி வந்தால் முதலில் எந்தக் கட்டம் என்று பாருங்கள்

எல்.எல்.எம். என்ற சட்ட மேற்படிப்புக்காக அமெரிக்கா வந்த முதல் பருவத்தில், அரசியலமைப்புச் சட்டத் தேர்வில் ஒரு கேள்வி. அரசு வழக்கறிஞர், ஜூரியில், அதாவது வழக்கைக் கேட்டு முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில், உட்காரவிருந்த பெண்களையெல்லாம் காரணம் சொல்லாமல் நீக்கிவிடுகிறார், இது செல்லுமா? நான் 1975-இன் டெய்லர் எதிர் லூசியானா தீர்ப்பைப் பக்கம் பக்கமாக எழுதினேன். பாதி மதிப்பெண்கூட வரவில்லை.

இந்தியாவில் ஜூரி முறை போய்ப் பல காலம் ஆகிவிட்டது. அதனால் ஜூரி எப்படி அமைகிறது என்று பார்க்காமல், தீர்ப்புகளை மட்டும் படித்திருந்தேன். முதலில் ஊர்மக்களிலிருந்து ஒரு பெரிய பட்டியல். அதிலிருந்து அழைக்கப்பட்டு வருபவர்களில் சிலரை இரு தரப்பும் காரணமே சொல்லாமல் கழிக்கலாம். பெரம்ப்டரி ஸ்ட்ரைக் என்பார்கள். மிஞ்சுபவர்கள்தான் ஜூரி. டெய்லர் தீர்ப்பு பட்டியலைப் பற்றியது. லூசியானாவில் பெண்கள் தாங்களே எழுதிக் கொடுத்தால்தான் பெயர் சேரும் என்று இருந்தது. அதை அமெரிக்க அரசியலமைப்பின் 6-ஆம் திருத்தத்தின் கீழ் செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். கடைசியில் உட்காரும் பன்னிரண்டு பேரைப் பற்றி அது எதுவும் உறுதி தரவில்லை. ஸ்ட்ரைக் என்று வந்துவிட்டால் 14-ஆம் திருத்தத்தின் சமப் பாதுகாப்புக்குப் போங்கள்.

அங்கே 1994-இன் ஜே.இ.பி. எதிர் அலபாமா தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். குழந்தைக்கு யார் தந்தை, பராமரிப்புச் செலவு யார் தருவது என்ற வழக்கு. அரசு தன் 10 ஸ்ட்ரைக்குகளில் 9-ஐ ஆண்கள்மேல் பயன்படுத்தியது. எதிர்த்தரப்பு, அதாவது தந்தை என்று சொல்லப்பட்டவர், பெரும்பாலும் பெண்களை நீக்கினார். கடைசியில் அமர்ந்த அத்தனை பேரும் பெண்கள். நிறத்தை வைத்து நீக்கக் கூடாது என்று 1986-இல் பேட்சன் வழக்கில் சொன்னதை, இந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பிளாக்மன் பாலினத்துக்கும் நீட்டினார். எனக்கு இதில் மிகவும் பிடித்தது, பாதிப்பை அவர் எங்கே பார்த்தார் என்பதுதான்: வழக்காடுபவரோடு நிற்காமல், 'நீ ஆண், இப்படித்தான் யோசிப்பாய்' என்று வெளியே அனுப்பப்பட்டவரின் உரிமையையும் பார்த்தார். விடையில் இதைத் தனிப் பத்தியாக எழுதுங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள்.

அப்புறம், 1961-இன் ஹோய்ட் எதிர் ஃபுளோரிடாவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கணவனைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட பெண்ணை விசாரித்தது ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரி. பெண்ணின் இடம் வீடு, குடும்பம் என்ற காரணத்தைச் சொல்லி உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அதைப் படித்த கையோடு, ஜே.இ.பி.யில் நீதிபதி ஓ'கானர் எழுதிய தனிக் கருத்துக்கு வாருங்கள். அவர் ஒரு கற்பனைச் சூழலை வைக்கிறார்: அடிபட்ட மனைவி, தன்னை அடித்த கணவனைக் காயப்படுத்தியதற்காகக் கூண்டில் நிற்கிறாள். தன் ஜூரியில் பெண்கள் கூடுதலாக இருக்க வேண்டும் என்று அவள் ஆண்களை நீக்கினால், அதையும் தடுப்போமா? தடுப்போம் என்றே நினைக்கிறேன், தடுக்க மாட்டோம் என்று நம்ப விரும்புகிறேன் என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார்.