மகளுக்குப் பின்வரிசையில்

எட்டு மாதமாக சனிக்கிழமை பின்னேரங்களில் வெள்ளவத்தையில் நானும் மகளும் மகனும் ஒன்றாக டேக்வாண்டோ என்ற கொரியத் தற்காப்புக் கலை பழகுகிறோம். முதலில் வெளியே கதிரையில் காத்திருக்கும் அம்மாவாகத்தான் போனேன். "நீங்களும் வாங்கோ" என்று மாஸ்டர் கூப்பிட்டார். போய்விட்டேன்.

அங்கே வயதுக்கு வரிசை இல்லை, தரத்தைக் காட்டும் இடுப்புப் பட்டியின் நிறத்துக்குத்தான். பதினொரு வயது மகள் பச்சைப் பட்டியோடு முன்வரிசையில். நான் வெள்ளைப் பட்டி, கடைசி வரிசை. ஜோடிப் பயிற்சியில் ஒருவருக்கொருவர் குனிந்து வணங்குவோம். வீட்டில் என் முகம் பார்த்துப் பேசாத பிள்ளை, அந்த நேரம் அவ்வளவு மரியாதையாகக் குனிகிறாள். முதல் நாள் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஹனா, துல், செத் என்று கொரிய மொழியில் எண்ணுகிறோம். மகன் இப்போது படிக்கட்டையும் அப்படித்தான் எண்ணி ஏறுகிறான்.

நான் படிப்பது தேகுக் இல் ஜாங். எட்டு தேகுக் வடிவங்களில், அதாவது தனியாக வரிசைப்படி செய்யும் அசைவுத் தொடர்களில், முதலாவது, 18 அசைவுகள், வானத்தைக் குறிப்பது. 2000இல் சிட்னியில் ஒலிம்பிக் பதக்க விளையாட்டானது என்பதால் பலர் இதைச் சண்டைப் போட்டியாகவே பார்க்கிறார்கள். எனக்குப் பிடித்தது இந்த வடிவங்கள்தான். தடுப்பில்தான் தொடங்குகிறது, அடியில் இல்லை.

நேற்றிரவு சோபாவைத் தள்ளிவைத்துப் பழகினேன். அறைக்குள்ளிருந்து மகளின் குரல்: "அம்மா, கடைசிக் குத்துக்குச் சத்தம் போட மறந்திட்டீங்கள். திரும்பச் செய்யுங்கோ."

செய்தேன்.