மெட்ராஸ் கடைமடை

"மெட்ராஸ்லதாம்மா இருக்கேன்" என்றதும் போனில் அம்மா பதறிவிட்டாள். "எப்படா வந்தே? சொல்லவே இல்லையே!" நான் இருந்தது அமெரிக்காவில், ஓரிகன் மாநிலத்து மெட்ராஸில். நம்மூர்த் துணிக்கட்டில் இருந்த பெயரைப் பார்த்து ஊருக்கு வைத்தார்களாம்.

டெஷூட்ஸ் ஆற்றுக் கால்வாய்களில் நீரளப்பது என் வேலை. கேஸ்கேட் மலைக்குக் கிழக்கே மழை மறைவுப் பகுதி. ஆண்டுக்கு 300 மில்லிமீட்டர்கூடத் தேறாது. கால்வாய் மேட்டில் நின்றால் ஒருபக்கம் ஜூனிபர் மரமும் காய்ந்த புதரும், மறுபக்கம் பச்சைப்பசேல் வயல். வறண்ட அரசு நிலத்தைப் பாசனத்துக்குக் கொண்டுவர வந்த 1894-இன் கேரி சட்டத்தை நம்பிக் கம்பெனிகள் வெட்டிய கால்வாய்கள், ஆற்றின் மேல்பக்கத்து ஊர்களான பெண்ட், ரெட்மண்ட் பக்கம் முதலில் ஓடின. மெட்ராஸுக்குத் தண்ணீர் வந்தது 1946-இல்தான்.

முதல்நாள் மேலே ஓரிடத்தில் அளந்துவிட்டு, சில மைல் கீழே போய் மறுபடி அளந்தேன். எண்ணைப் பார்த்ததும் கருவி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். இடுப்பளவுத் தண்ணீரில் இன்னொருமுறை இறங்கினேன், அதே எண். கருவியில் கோளாறில்லை, அடியில் இருப்பது வெடிப்பு விழுந்த எரிமலைப் பாறை. சில கால்வாய்களில் பாதித் தண்ணீர்வரை வழியிலேயே உறிஞ்சிவிடும்.

நம்மூரில் கடைமடை என்றால் வாய்க்காலின் வால். அங்கே கடைமடையைத் தீர்மானிப்பது தண்ணீர் உரிமை பதிவான வருடம். பெண்ட் பக்கத்து உரிமைகள் மூத்தவை, மெட்ராஸ்காரர்களுடையது, தண்ணீர் வந்தது பிறகுதான் என்றாலும், 1913. ஆறு வற்றினால் முதல் வெட்டு இவர்களுக்குத்தான். 2021 வறட்சியில், கேரட் விதைக்குப் பேர்போன அந்த ஊரில் எத்தனையோ வயல்கள் தரிசாய்க் கிடந்தன. மேலே பெண்டில் இரண்டு குதிரைக்காகப் புல் வளர்ப்பவருக்குத் தண்ணீர் உண்டு. தொடர்ந்து ஐந்து வருடம் பாய்ச்சாவிட்டால் உரிமையே போய்விடும் என்பதால், வேண்டாவிட்டாலும் பாய்ச்சுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது கடைசிவரை பொறுக்கவில்லை.

கால்வாயை மூடிக் குழாய் பதித்தால் கசிவு நிற்கும், மிச்சமாகும் நீர் கீழேயும் போகும். சரியான வேலை என்றுதான் இன்றும் சொல்வேன். ஒருநாள் கரையோர வீட்டுப் பாட்டி ஒருவர் என் கருவியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கரையில் வரிசையாக நின்ற பைன் மரங்களைக் காட்டினார். யாரும் நட்டதில்லை, கசிவில் முளைத்து வளர்ந்தவை.

"இதெல்லாம் உன் தாளில் எங்கே எழுதுவாய்?"

என் படிவத்தில் 'இழப்பு' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது.