இப்பம் என்ன கொறஞ்சி போச்சி?

புகைப்படத் திட்டத்துக்குப் போட்ட அந்த எக்செல் கோப்பை நான் இன்னும் அழிக்கவில்லை. பக்கவாட்டில் எட்டுக் குடும்பங்கள், மேலே பன்னிரண்டு மாதங்கள். ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை பச்சை. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றும் சாம்பல். சாம்பல் அடித்தது நான்தான். இந்த மூன்றை நீக்கு என்று யாரும் சொல்லவில்லை. செலவில் கால் பங்கு குறையுங்கள் என்றார்கள், அவ்வளவுதான். எந்தக் கால் பங்கு என்பதை என்னிடமே விட்டிருந்தார்கள்.

நிதி தந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் அன்றாடம், ஒரு முழு வருடம், இரண்டு புகைப்படக்காரர்கள், மாதம் ஐந்து நாள், முடிவில் ஒரு கண்காட்சி, எட்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு ஆல்பம். இப்படித்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். தொகை அதிகம் என்றார்கள். எட்டுக் குடும்பத்தை ஆறாக்கியிருக்கலாம். ஃபிரேம் போட்ட கண்காட்சிக்குப் பதில் ஊர்ச் சாவடியில் நாலு ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கலாம். நான் மழையைக் குறைத்தேன்.

காரணம் கேட்டால் இப்போதும் மடமடவென்று சொல்வேன். மழை இறங்கிவிட்டால் அளத்தில் வேலை கிடையாது. பாத்தி முழுக்க நல்ல தண்ணீர் கலந்து கிடக்கும். உப்பு விளைய உவர்நீரின் அடர்த்தி இருபத்தைந்து டிகிரியைத் தொட வேண்டும்; அடுத்த வெயிலுக்கு முன்னால் அது நடக்காது. சோலியே இல்லாத இடத்துக்கு இரண்டு பேரை அனுப்பி, லாட்ஜில் அறை போட்டு, படி கொடுத்து, எதை எடுக்கச் சொல்வது? சேற்றில் வண்டி போகாது. கேமரா நனையும். எல்லாம் நிஜமான காரணங்கள்தான். ஒன்றாவது பொய்யாக இருந்திருந்தால் இந்நேரம் அதைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டி முடித்திருப்பேன்.

ஆனால் சாம்பல் அடிப்பதற்கு ஒரு மாதம் முன்பு, 2022 நவம்பரில், குடும்பங்களைத் தேர்வு செய்யப் போயிருந்தேன். சங்கத்து அண்ணாச்சி ஒருவர் பைக்கில் கூட்டிக்கொண்டு போனார். ஒரே நாளில் நாலு வீடு. மூன்றாவது வீட்டில்தான் அந்த அக்கா. வாசலில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் செங்கல் போட்டு நடக்க வழி செய்திருந்தார்கள். பக்கத்து வீட்டிலிருந்து மூன்று பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. கருப்பட்டிக் காப்பி வந்தது.

நான் கேட்டதெல்லாம் அளத்தைப் பற்றித்தான். எத்தனை மணிக்குப் போவீர்கள், வாருபலகை யார் பிடிப்பது, சட்டி எவ்வளவு கனம், கண் எரிச்சலுக்கு என்ன செய்வீர்கள். அவர் பொறுமையாகச் சொன்னார். ராத்திரி மூணு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுவார்களாம். ஆம்பளைகள் வாரிக் குவிப்பார்கள், பொம்பளைகள் சட்டியில் அள்ளித் தலையில் சுமந்து வரப்பில் கொட்டுவார்கள். வெயில் ஏறிவிட்டால் வெள்ளை பட்டுக் கண் கூசும். நான் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தேன். நடுநடுவே அவர் இப்போதைய கஷ்டத்தையும் சொன்னார். நூறு நாள் வேலையும் இந்த மாதம் வரவில்லை. மழைக்கால நிவாரணமாக அரசு தந்த 5,000 ரூபாய் வந்தது, வட்டிக்குப் போனது. "கணக்கப்பிள்ளைட்ட முன்பணம் வாங்கியிருக்கேன். சீசன்ல கழிச்சிருவாவ." இதையும் எழுதிக்கொண்டேன். ஆனால் நோட்டின் ஓரத்தில், சின்ன எழுத்தில். இப்போது எடுத்துப் பார்த்தால் அந்தச் சின்ன எழுத்துதான் முதலில் கண்ணில் படுகிறது.

நோட்டை மூடினேன். பை காலடியில் இருந்தது. அவர் பையைப் பார்த்தார்.

"எடுக்கலியா தம்பி?"

"இப்ப வேணாங்கா. சீசன்ல வந்து நல்லா எடுப்போம்."

"இப்பம் என்ன கொறஞ்சி போச்சி?"

அண்ணாச்சி சிரித்தார். நானும் சிரித்தேன். அவரும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த வீட்டுக்கு நேரமாகிவிட்டது.

அந்த ஊர்ப் பேச்சில் இது கேலியாகவும் வரும். கல்யாண வீட்டில் சாப்பிடாமல் கிளம்புகிறவரைக்கூட இப்படிக் கேட்பார்கள். அதனால் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லியிருக்கிறேன். இன்னொரு நாள் வேறு மாதிரி ஓடும்: படமெடுக்க ஆள் வருகிறது என்று அண்ணாச்சி முந்தின நாளே சொல்லியிருப்பார். அக்கா தலை சீவிப் பூ வைத்திருந்தார். வேலையில்லாத நாளில் பூவுக்குக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறார். நான் பையின் ஜிப்பைக்கூடத் திறக்கவில்லை. அப்படியானால் அது கேள்வியே இல்லை, மனத்தாங்கல். எது என்று அவரிடம் போய்க் கேட்கவும் முடியாது. அவருக்கு அந்த வாக்கியம் நினைவிருக்குமா என்பதே சந்தேகம்.

இதில் எனக்கு உறுத்துவது இன்னொன்று. அந்தப் பயணத்துக்குச் சில வாரம் முன்னால்தான் ஒரு பயிலரங்கில், ஆவணப் புகைப்படத் திட்டம் எப்படிப் போடுவது என்று இளைஞர்களுக்கு வகுப்பெடுத்தேன். வழக்கம்போல ராய் ஸ்டிரைக்கரில் ஆரம்பித்தேன். 1930களில் அமெரிக்கப் பெருமந்தத்தின்போது, பண்ணைப் பாதுகாப்பு நிர்வாகம் என்ற அரசு அமைப்புக்காகப் புகைப்படக்காரர்களை ஊர் ஊராக அனுப்பியவர் அவர். கேமரா பிடித்தவர் அல்ல, திட்டம் போட்டவர்; என்னைப் போன்றவர்களுக்குக் குலதெய்வம் மாதிரி. எதையெதை எடுக்க வேண்டும் என்று அவர் பட்டியல் எழுதி அனுப்புவார். 1936இல் ராபர்ட் லிண்ட் என்ற சமூகவியலாளரோடு பேசிவிட்டு எழுதிய பட்டியல் ஒன்று உண்டு. மாலையில் வீடு எப்படி இருக்கிறது, மக்கள் எங்கே கூடுகிறார்கள், வசதி உள்ளவர்கள் எங்கே, இல்லாதவர்கள் எங்கே என்று போகும். அதில் ஒரு வரி, வேலையில் இருக்கும்போதும் இல்லாதபோதும் மனிதர்கள் தோற்றத்தில், நடத்தையில் எவ்வளவு மாறுகிறார்கள் என்று கவனிக்கச் சொல்கிறது. அந்த வரியைப் பலகையில் எழுதி, அடியில் கோடும் போட்டேன். கோடு போட்ட கைதான் பிறகு சாம்பலும் அடித்தது.

அதே திட்டத்தில் டொரோத்தியா லாங்கே எடுத்த, குழந்தைகளோடு அமர்ந்திருக்கும் அந்தத் தாயின் படமும் வகுப்பில் வந்தது. அதுவும் 1936தான், கலிஃபோர்னியாவில் நிபோமோ. பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாம். உறைபனியில் பயிர் கருகி, பறிக்க எதுவும் இல்லாமல் கிடந்த நாட்கள். அந்தக் காலத்தின் முகமாக உலகம் நினைவில் வைத்திருக்கும் படத்தில் வேலையே இல்லை. என் கணக்குப்படி பார்த்தால் அது சாம்பல் மாதம்.

இதைச் சொல்லும்போதே மறுபக்கமும் வந்து நிற்கிறது. அந்தப் படத்தில் இருந்த ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் யார் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தை எடுத்திருக்கவே வேண்டாம் என்றார் அவர். அதனால் தனக்கு ஒரு காசு வரவில்லை என்றார். மழைக்காலத்தில் நாங்கள் போயிருந்தால் என்ன எடுத்திருப்போம்? ஒழுகும் கூரை, அடுப்பில் ஈர விறகு, வானத்தைப் பார்க்கும் முகம். இந்தப் படங்களை எடுக்காமலே எனக்குத் தெரியும். இவற்றைப் பார்த்து உச்சுக்கொட்டுவதற்கென்றே கண்காட்சிக்கு வருகிற கூட்டமும் தெரியும். அளத்தில் சட்டி சுமக்கும்போதாவது அந்தப் பெண்களின் கழுத்தில் ஒரு நிமிர்வு இருக்கிறது. இல்லாமையைக் காட்டாமல் உழைப்பைக் காட்டுவது மரியாதை. சாம்பல் அடித்த ராத்திரி இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி நம்பினேன். மீதிப் பாதி, படம் அழகாக வராது என்பது.

2023 பிப்ரவரியில் வேலை தொடங்கியது. படங்கள் அற்புதமாக வந்தன, அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு இருட்டில் உப்பு வாரும் வரிசை, சட்டை மாட்டிய சேலைகள், சும்மாட்டுத் துணியின் மடிப்பு, வெடித்த குதிகால். நானும் ஒருமுறை போனேன். சட்டியைத் தூக்கிப் பார்த்தேன். முழங்காலுக்கு மேல் வரவில்லை. அக்கா வாங்கி ஒரே மூச்சில் தலைக்கு ஏற்றிக்கொண்டார். அதை நம் புகைப்படக்காரப் பெண் எடுத்துவிட்டார். கண்காட்சியில் வைக்க நான் சம்மதிக்கவில்லை. என் முகம் சகிக்கவில்லை, அதனால்தான்.

பிரச்சினை படக்குறிப்பு எழுதும்போது வந்தது. ஏப்ரலில் அக்காவுக்குக் கண் சிவந்து வீங்கியிருந்தது. அப்போதும் வேலைக்குப் போனார். ஏன் போனார்? நவம்பரில் வாங்கிய முன்பணம். லீவு போட்டால் கழியாது. "நவம்பர்ல எடுத்தது ஏதாச்சும் இருக்கா சார்?" என்று அந்தப் பெண் கேட்டார். இல்லை என்றேன். குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன்: மழைக்காலத்தில் வாங்கிய முன்பணத்துக்காக. அன்றாடத்தைப் படமாகக் காட்டுகிறோம் என்று கிளம்பியவர்கள், அந்த அன்றாடம் எங்கே தொடங்குகிறதோ அந்த இடத்தை மட்டும் எழுத்தில் சொல்ல வேண்டியதாயிற்று.

அதைவிட ஒன்று, ஆல்பத்துக்காகப் படங்களை மாத வரிசையில் அடுக்கியபோதுதான் தெரிந்தது. பிப்ரவரியில் வீட்டில் எடுத்த படங்களில் அக்காவின் காதில் வேப்பங்குச்சி. ஏப்ரலிலும் குச்சி. ஆகஸ்டில் கம்மல். அத்தனை மாதத்தில் எங்களில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. எடுத்தவர்களும் கவனிக்கவில்லை, தேர்வு செய்த நானும் கவனிக்கவில்லை. கம்மல் எந்த மாதம் அடகுக்குப் போயிருக்கும் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை.

ஆல்பம் கொடுக்கப் போன அன்று அக்கா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நல்லாருக்கு என்றார். பிறகு, "இதுல பூராவும் நான் வேல பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றார். "பின்ன, சும்மாவா இருந்த?" என்றார் அண்ணாச்சி. "மூணு மாசம் சும்மாத்தான இருந்தேன்." எல்லோரும் சிரித்தார்கள். நான் ஆல்பத்தின் பிளாஸ்டிக் உறையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

இதிலிருந்து கற்றுக்கொண்டேனா என்றால், கற்றுக்கொண்டதாக நினைத்துத்தான் அடுத்த திட்டத்தைத் தொடங்கினேன். காசிமேடு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இந்தமுறை அங்கேயே ஆரம்பிப்போம் என்று பிடிவாதமாக அட்டவணை போட்டேன். மூன்றாவது வாரம் புகைப்படக்காரர் போன் செய்தார்: "சார், வலை பின்றதையே எத்தன வாட்டி எடுக்கறது?" படகுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள், இன்ஜினைப் பிரித்துப் போட்டிருக்கிறார்கள், எல்லாம் எடுத்தாயிற்று என்றார். அதெல்லாம் வேலைதானே, வேலை இல்லாத நேரத்தை எடுங்கள் என்றேன். "அத எப்படி சார் எடுக்கறது?" எனக்குப் பதில் தெரியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். சீட்டாடுகிறவர்களை எடுத்து அனுப்பினார். நன்றாகத்தான் இருந்தது. அந்தப் படத்தை வைத்தால் நிவாரணப் பணத்தில் சீட்டாடுகிறார்கள் என்று யாராவது சொல்வார்கள் என்று பயந்து, அதையும் நான் வைக்கவில்லை.

அக்கா வீட்டின் நவம்பர் மாதப் படம் ஒன்றே ஒன்று என்னிடம் இருக்கிறது. திரும்ப வரும்போது வீடு தெரிய வேண்டும் என்று கிளம்பும்போது செல்போனில் எடுத்தது. வாசல் தண்ணீர், செங்கல், மூன்று நாற்காலி, ஒன்றின் மேல் நான் பாதி குடித்து வைத்த டம்ளர். ஓரத்தில் அக்கா, பாதி திரும்பிய முகம், தலையில் பூ. பெரிதாக்கிப் பார்த்தால் காதில் குச்சி தெரிகிறது. அவர் கேட்டதற்கும் நான் இதை எடுத்ததற்கும் நடுவில் இரண்டு நிமிடம்கூட இருக்காது. நான் எடுத்ததை அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. படம் கொஞ்சம் ஆடியிருக்கிறது. திட்டத்தின் படங்களோடு அதைச் சேர்க்கலாமா என்று இரண்டு முறை அந்தப் பெண்ணிடம் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அது இன்னும் 'வழி' என்று நான் பெயரிட்ட ஃபோல்டரில்தான் இருக்கிறது, பஸ் ஸ்டாண்டுக்கும் பெட்ரோல் பங்குக்கும் நடுவில்.